அத்தான் விட்டுப்போன பச்சை

எங்கள் வீட்டு நடு அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு றோல் நிற்கிறது. நிமிர்த்தி வைத்தால் என் நெஞ்சளவு வரும். அக்காவின் பழைய சேலை ஒன்றைச் சுற்றி மேலும் கீழும் கயிற்றால் கட்டியிருப்பதால், தெரியாதவர்கள் பாய் என்று நினைப்பார்கள். உள்ளே இருப்பது வாகனங்களுக்கு ஒட்டுகிற வைனில் தாள். மினுக்கம் இல்லாத மங்கல் பச்சை. போன மாரியில் கோழிக்கூட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியபோது, இதில் ஒரு துண்டு வெட்டி மேலே ஒட்டினால் சொட்டுத் தண்ணீர் இறங்காது என்று நான் கத்தியும் கையுமாகப் போனேன். அடுப்படியில் இருந்த அம்மா என்னைவிட வேகமாக வந்து கதவடியில் நின்றுகொண்டார். "அதிலை கை வையாதை" என்றார், அவ்வளவுதான். கோழிகள் அந்த மாரி முழுக்க நனைந்தன. இந்த வீட்டில் அந்தப் பச்சையைக் கண்டு அதிகம் நடுங்கியவர் அம்மாதான். அவரே அதற்குக் காவல் நிற்பதைப் பார்க்க எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வரும்.

அது அத்தானுடைய றோல். அத்தான் என்றால் அக்காவின் கணவர், தென்மராட்சிக்காரர். கல்யாணச் சேலையின் மடிப்புக் கலையமுன்னரே டோகாவுக்குப் போனவர். அங்கே கார்களுக்கு நிறம் மாற்றுகிற கடையில் வேலை. பெயின்ற் அடிப்பதில்லை, கார் முழுவதையும் ஒரு மெல்லிய தோலால் போர்த்துவது. பெரிய ஸ்டிக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கார் உள்ளே போய்ச் சிவப்பாக வெளியே வரும். அலுத்துப்போனால் உரித்துவிடலாம், கீழே பழைய நிறம் பழுதில்லாமல் இருக்கும். அந்த வேலையில் அத்தான் நல்ல கைகாரர். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். விடுமுறையில் வந்தால் வீதியில் நிற்கிற யாருடைய காரையும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். சுன்னாகச் சந்தையடியில் ஒருமுறை ஒரு கார்க்காரர், "என்ன தம்பி, மாடே வாங்கப் போறீர்?" என்று கேட்டுவிட்டார். அத்தான் வெட்கப்படவில்லை. உங்கள் காரின் இடது கதவு ஒருமுறை அடிபட்டு நிமிர்த்தியது, சரியா என்று திருப்பிக் கேட்டார்.

டோகாக் கடை மூடப்பட்டபோது முதலாளி பிரியாவிடையாகக் கொடுத்ததுதான் இந்த றோல். பெட்டிச் சாமான்களோடு கப்பலில் வந்து சேர்ந்தது. அப்போது நாட்டுக்குள் வாகனம் இறக்குவதை நிறுத்தியிருந்தார்கள். பழைய கார் ஒன்று காணி விலைக்குப் போனது. அதே வேலையை ஊரில் ஒரு கடையாகத் தொடங்க அத்தான் கணக்குப் போட்டார். "புதுசு வராட்டில் சனம் பழசைத்தானே வடிவாக்க வேணும்?" பிழை சொல்ல முடியாத கணக்கு. வைனிலும் கப்பலில்தான் வரவேண்டும் என்பது மட்டும் அதில் விடுபட்டிருந்தது.

அக்காவைப் பொறுத்தவரை அந்தக் கடைக்கு ஒரே அர்த்தம். அது ஓடினால் மனுசன் வீட்டில் நிற்பார், ஓடாவிட்டால் திரும்பவும் விமானம் ஏறுவார். கல்யாணமான பிறகு அவள் அவரோடு வாழ்ந்ததெல்லாம் விடுமுறைகளில்தான். கடைக்கு இடம் பேசிவிட்டு அவர் வந்த அன்று, சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "இன்னொருக்காப் போறதெண்டால் என்னைக் கேளாமல் போங்கோ. போகட்டோ எண்டு கேட்டு, என்ரை வாயாலை ஓம் எண்டு வாங்காதேங்கோ." அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். டோகாவில் அவருடைய கூட்டாளி ஒருவர் வேறொரு கடையில் இடம் பிடித்து வைத்திருந்தார்; மாரி தொடங்கமுன் பதில் சொல்லும்படி கேட்டிருந்தார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கிடைத்த இடம், மருதனார்மடத்தடியில் காங்கேசன்துறை வீதியோரமாக, வெங்காயப் பிடிகளைக் கட்டித் தொங்கவிடுகிற ஒரு பழைய கொட்டில். எவ்வளவு கழுவியும் மணம் போகவில்லை. எங்கள் கடையிலிருந்து வெளிக்கிடும் கார் எல்லாம் சம்பல் மணக்கும் என்று நான் பகிடி பண்ணினேன். அத்தானுக்கு மணம் பிரச்சினையில்லை, தூசிதான் பிரச்சினை. "தூசிதான் எங்கடை எதிரி" என்பார். எங்கள் பக்கத்துச் செம்மண் பூட்டிய அலுமாரிக்குள்ளேயே படிகிற மண். தோலுக்குக் கீழே ஒரு மணி அகப்பட்டாலும் மேலே கொப்புளம் நிற்கும். அதனால் அக்காவின் பழைய சேலைகளைத் தண்ணீரில் தோய்த்து, கொட்டிலின் நான்கு பக்கமும் கட்டித் தொங்கவிட்டார். காயக் காய நானும் அக்காவும் வாளியோடு நின்று நனைத்தோம். உள்ளே ஓடக்கூடாது, விசிறி போடக்கூடாது, நான் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வரக்கூடாது. கோயிலில்கூட எனக்கு இவ்வளவு சட்டம் இருந்ததில்லை.

கொழும்பில் சொல்லிவைத்த நிறங்கள் வரவே இல்லை. கேட்கும்போதெல்லாம் கப்பல், டொலர், அடுத்த கிழமை என்றார்கள். இங்கே கடை திறக்க நாள் வைத்தாகிவிட்டது. கடைசியில் அத்தான் கையிலிருந்த ஒரே நிறத்தை எடுத்துத் தன்னுடைய பழைய சாம்பல் நிற வான் வண்டியைப் போர்த்தினார். அந்த வான்தான் கடைக்கு விளம்பரம். ஈரச் சேலைகளுக்கு நடுவே அவர் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். சூட்டுக் காற்று ஊதுகிற கருவியைக் காட்டித் தோலை இளக்கி, பக்கக் கண்ணாடியின் வளைவில் இழுத்துப் படியவைத்து, தட்டையான பிளாஸ்ரிக் தட்டால் தேய்த்துத் தேய்த்துக் காற்றை வெளியேற்றுவார். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் காணவில்லை.

திறப்பு நாளில் பால் காய்ச்சி, தேங்காய் உடைத்து, அயலவரும் சொந்தக்காரரும் கூடி நிற்க, அத்தான் சேலைகளை விலக்கி வானை வெயிலுக்குக் கொண்டுவந்தார். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். றோலில் சுருண்டு கிடந்தபோது அது வெறும் பச்சை. வான் என்ற உருவத்தில், மினுக்கமில்லாமல், வெளிச்சத்தில் நின்றபோதுதான் என்ன நிறம் என்று தெரிந்தது. யுத்த காலத்தில் விடியற்காலைச் சுற்றிவளைப்புகளுக்கு எங்கள் ஒழுங்கைகளுக்குள் வந்த ஆமி வாகனங்களின் நிறம் அது. அத்தானும் இந்த மண்ணில் அதையெல்லாம் பார்த்தவர்தான். ஆனால் டோகாவில் பணக்காரப் பெடியள் அதே நிறத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கியதை வருடக்கணக்காகப் பார்த்ததில் அவருடைய கண் மாறிப்போயிருந்தது. நல்ல காரியம் தொடங்குகிற இடத்தில் அபசகுனமாக ஒரு சொல் சொல்லக்கூடாது என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். பயணம் வெளிக்கிட்டவனை எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கமாட்டோம். கடைசியில் யாரோ "வடிவாக்கிடக்கு" என்றார்கள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். பாலைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு தொடங்கியது எங்கள் தவம். ஆட்கள் வராமல் இல்லை. வந்தார்கள், வானைச் சுற்றிப் பார்த்தார்கள், தொடாமல் விலகி நின்று விலை கேட்டார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், "யோசிச்சுச் சொல்லுறன்" என்று போனார்கள். எங்கள் ஊரில் யோசித்துச் சொல்கிறேன் என்றால் இல்லை என்று அர்த்தம். அது தெரியாத ஒரே யாழ்ப்பாணத்தான் அத்தான். அவர்கள் யோசிப்பதாகவே நம்பிக்கொண்டு காத்திருந்தார். விலையைக் குறைத்தார். பிறகு, மோட்டார் சைக்கிள் டாங்கிக்குச் சும்மா ஒட்டித் தருகிறேன் என்றார். அதற்கும் ஆளில்லை. சந்தியில் ஒரு வாகனம் வேகம் குறைத்தால் எழும்பி ஓடுவார். அது திரும்பிப் போவதற்காகக் குறைத்த வேகமாக இருக்கும். ஓடிய வேகத்தை மறைக்க, வீதியில் கிடக்கிற கல்லொன்றைக் காலால் தள்ளிவிட்டுத் திரும்பி வருவார்.

காரணம் தெரியாதவர் அவர் ஒருவர்தான். அக்கா சொல்லத் துடித்தாள். ஆனால் சொல்லி என்ன செய்வது? வேறு நிறம் இருந்தால் அல்லவா இதைப் பிழை என்று சொல்லலாம். இருக்கிற ஒன்றும் உதவாது என்றால் அவர் நேராக விமான நிலையத்துக்குத்தான் போவார். கொழும்பிலிருந்து ஒரு றோல், சிவப்போ நீலமோ, எதுவானாலும் வந்துவிட வேண்டும் என்று அவள் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தாள். மழைக்கறுப்பு வானத்தில் ஏற ஏற அவளுடைய முகமும் கறுத்தது. அத்தான் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். பகல் முழுவதும் யாரும் தொடாத வானைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பெற்றோல் தட்டுப்பாடான காலம் என்பதால் வான் எப்போதும் கொட்டிலிலேயே நிற்கும். அத்தான் சைக்கிளில் வந்து போவார். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். திறப்பு நாளுக்கும் அவர் வரவில்லை, வானைக் கண்டதும் இல்லை. ஒரு பின்னேரம் பெரிய காற்று எழும்பிக் கொட்டிலின் தகரம் ஆட்டம் காண, அத்தான் வானை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா முற்றத்தில் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். ஒழுங்கைக்குள் வான் திரும்பியது. அம்மா நிமிர்ந்து பார்த்தார். சுளகைக் கீழே வைத்தார், உள்ளே போனார், திரும்பி வந்தார், படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார். நீட்டிய கையில் அவருடைய அடையாள அட்டை இருந்தது.

அத்தான் இறங்கி வந்தார். "மாமி, நான்தான்."

"ஓம் தம்பி, தெரியும்" என்றார் அம்மா. கை இறங்கவில்லை.

அப்பாவை அப்படியொரு வாகனத்தில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா திரும்பி வந்தார். வந்ததே புண்ணியம் என்று ஊர் சொன்னது. ஆனால் அதற்குப் பிறகு சாகும்வரை அவர் படலையைத் தாண்டவில்லை. அம்மா அன்றிலிருந்து வாசலில் எந்தச் சத்தம் கேட்டாலும் முதலில் தேடுவது அட்டையைத்தான். வருடங்கள் போகப் போக அது மறைந்துவிட்டது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அத்தான் அந்தக் கையைப் பார்த்தார், வானைப் பார்த்தார். பிறகு வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டார். நெடுநேரம் கழித்து அக்கா போய்க் கூப்பிட்டபோது, சனம் ஏன் வரவில்லை என்று இப்போதுதான் விளங்குகிறது என்று மட்டும் சொன்னாராம்.

அம்மாவுக்கு அந்தச் சொல் சுட்டுவிட்டது. தன்னால்தான் மருமகனின் மனம் உடைந்தது என்று அழுதார். அடுத்த நாள் வெள்ளனக் கிணற்றடியில் தோய்ந்து, கோயிலுக்கு உடுத்தும் சேலையை உடுத்து, கைப்பையோடு வந்து வானுக்குப் பக்கத்தில் நின்றார். "தம்பி, கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் முன்சீற்றிலை இருக்கிறன். என்னைக் கண்டால் சனத்துக்குப் பயம் தெளியும்." அத்தான் வேண்டாம் என்று எவ்வளவோ மன்றாடினார். அம்மா கதவுப் பிடியில் கை வைத்துவிட்டார்.

அந்தப் பயணத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நானும் அக்காவும் பின்னால். சுன்னாகச் சந்தையடிக்கு வந்ததும் மெதுவாகப் போகச் சொல்லி அம்மா கண்ணாடியை இறக்கினார். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசாத மனுசி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் கூப்பிட்டுக் கதைத்தார். இது மருமகனின் வான், கடை மருதனார்மடத்தில், வந்து பாருங்கோ என்றார். கீரை விற்கிற பெண்ணிடம்கூடச் சொன்னார். அவளிடம் சைக்கிள்கூட இல்லை. மல்லாகம், தெல்லிப்பழை எங்கும் அப்படித்தான். ஒரு கையால் ஆட்களைக் கூப்பிட்டார். மற்றக் கை சேலைத் தலைப்புக்குள்ளேயே இருந்தது.

கீரிமலைக்குக் கிட்ட ஒரு முகாம் வாசலில் காவலுக்கு ஒரு இளம் ஆமிக்காரன் நின்றான். எங்கள் வானைக் கண்டதும் தொப்பியைச் சரிசெய்து, நெஞ்சை நிமிர்த்தி, சலூட் அடித்தான். கிட்ட வந்த பிறகுதான் முன்னால் சேலை உடுத்த மனுசி இருப்பதைக் கண்டு திகைத்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாவும் சிரிக்க முயற்சி செய்தார். அத்தான் சிரிக்கவில்லை. அவருடைய காதுமடல் சிவந்து போயிருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். கேணியடியில் அம்மா காலை மட்டும் நனைத்தார், நகுலேசுவரரைக் கும்பிட்டார், திரும்பி வரும்போதும் அதே உற்சாகத்தோடு கதைத்துக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது கைத்தாங்கலாகப் பிடிக்க அக்கா கை நீட்டினாள். அம்மாவால் வலது கையை விரிக்க முடியவில்லை. அக்கா ஒவ்வொரு விரலாக எடுத்து விரித்தாள். உள்ளே அடையாள அட்டை. மூலை குத்தி உள்ளங்கை கிழிந்து, இரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. காலையிலிருந்து அதைப் பொத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறார். "அது பழக்கதோசம் தம்பி. நீங்கள் உதைப் பாராதேங்கோ. நாளைக்கு ஆராவது வருவினம்" என்றார் அம்மா. அத்தான் அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை அக்கா தந்த தேத்தண்ணிப் போத்தலோடு நான் கொட்டிலுக்குப் போனபோது, அத்தான் வானை உரித்துக்கொண்டிருந்தார். சூடு காட்டி மெதுவாக இழுத்தால் நாள் பிடிக்கும்; அவர் சூடும் காட்டவில்லை. நகமில்லாத விரல்களால் பிய்த்துப் பிய்த்து இழுத்தார். ஒருமுறை உரித்தால் அந்தத் தோல் குப்பைதான், திரும்ப ஒட்டாது. பச்சைக் கீலங்கள் நிலமெங்கும் கிடந்தன. ஈரச் சேலைகள் காய்ந்துபோய்க் காற்றில் ஆடின, செம்மண் உள்ளே தாராளமாக வந்தது. அவர் கவனிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்த ஓட்டோ வந்து நின்றது. வாசலிலேயே நிறுத்தி இறங்கியவர் அத்தானைவிடச் சற்று மூத்தவர். வானையும் நிலத்தையும் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நேற்றுச் சந்தையடியிலை அந்த அம்மா முன்சீற்றிலை இருந்து போனதைக் கண்டனான். அவவுக்கே பயமில்லையெண்டால் எனக்கென்ன. என்ரை ஓட்டோவுக்கும் உந்தப் பச்சையைப் போட்டு விடும். எங்கடை நிறுத்தத்திலை இன்னும் ரெண்டுபேர் கேட்டவை."

கடைக்கு வந்த முதல் வேலை. கடைசி வேலையும் அதுதான். ஓட்டோ முழுவதற்கும் காணுமளவு மிச்ச றோல் அத்தானுக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து நின்றது. நான் அதைப் பார்த்தேன், அந்த மனுசனும் பார்த்தார். சொல்லுங்கோ, ஓம் எண்டு சொல்லுங்கோ என்று என் மனம் கிடந்து அடித்தது. அக்காவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"அந்த நிறம் முடிஞ்சுது அண்ணை" என்றார் அத்தான்.

ஓட்டோ போன பிறகு அவர் வானின் படியில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டார். விரல்களில் பசை. என்னிடம் சொல்வதுபோல அல்ல, பொதுவாகச் சொன்னார்: "நான் உந்தப் பச்சையை ஒட்டி ஒட்டி ஒழுங்கையெல்லாம் ஓடவிட, மாமி அட்டையோடை படலையிலை நிண்டுகொண்டே இருப்பா." தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன். ஆறும்வரை கையில் வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றவள், தானும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்றாள். பிறகு கிணற்றடிக்குப் போய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு இருந்து அழுதாள். மாரி தொடங்கியது. ஒரு காலை, கொடியில் அவளுடைய சேலைகள் எல்லாம் செம்மண் போகத் தோய்த்துக் காயப்போட்டபடி தொங்கின. காய்ந்தவை மடித்தபடி கட்டிலில் இருந்தன. அலுமாரிக்கு மேலே இருந்த பயணப் பெட்டியைக் காணவில்லை. அவள் சொன்னபடியே அத்தான் அவளைக் கேளாமல் போயிருந்தார். அம்மா கொட்டிலுக்கு ஆள் அனுப்பி எடுப்பித்தது இந்த றோலை மட்டும்தான்.

இப்போது வாகனங்கள் மறுபடி இறங்குகின்றன. காங்கேசன்துறை வீதியில் கண்ணாடிக் கதவு போட்டு, கார் போர்த்துகிற ஒரு ராப்பிங் கடை வந்திருக்கிறது. வாசலில் வைன் சிவப்பில் ஒன்று, செம்மஞ்சளில் ஒன்று என்று கார்கள் நிற்கும். போன மாதம் ஒரு பெடியன் அதே மங்கல் பச்சையில் ஒரு ஜீப்பைச் சுன்னாகச் சந்தைக்கூடாக ஓட்டிக்கொண்டு போனான். ஒரு சனமும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் அந்த இடத்திலேயே நின்று யாரையாவது திட்டவேண்டும்போல இருந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அத்தான் போனில் வருவார், முகம் பார்த்துக் கதைப்போம். அக்காவோடு கதைக்கமுன் ஒவ்வொரு முறையும் அம்மாவிடம் கையைக் காட்டச் சொல்வார். தழும்புகூட மறைந்துவிட்டது, ஆனாலும் அம்மா போனுக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். எப்போது வருவீர்கள் என்று கேட்டால் பார்ப்பம் என்பார். டோகாவுக்குப் போயும் எங்கள் ஊர்ப் பாஷை இப்போதுதான் அவருக்கு நன்றாகப் பிடிபட்டிருக்கிறது. போன வெள்ளி, கோழிக்கூட்டுக் கதையை நான் முறைப்பாடாகச் சொன்னேன். அத்தான் சிரிக்கவில்லை. அந்தச் சனியனை வெட்டவும் வேண்டாம், கொண்டுபோய் எரித்துவிடுங்கள் என்றார்.

அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு போனுக்கு முன்னால் வந்து, வழமைபோல உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நடு அறையில் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் அவர் இப்போது படுக்கிறார்.

"கடை இன்னும் பூட்டேல்லைத் தம்பி" என்றார். "சாமான் வீட்டிலைதான் நிக்குது."

அக்கா எழும்பி அடுப்படிக்குப் போனாள். காட்டி முடித்த பிறகும் அம்மாவின் கை போனை நோக்கி விரிந்தபடியே இருந்தது.